ஈயைக் காணவில்லை

அத்தியாயம் 5

என் பெரியம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்று மாலை நான்கு மணிக்குக் கையெழுத்துப் போடப் போகிறார்கள். இப்போது மணி பதினொன்று. ஒரு மனுஷிக்குப் புத்தி பேதலிக்க எத்தனை வருஷம் ஆகுமோ எனக்குத் தெரியாது. ஓர் அலுவலகம் மனசு வைத்தால் ஐந்து மணி நேரம் போதும் போலிருக்கிறது.

பெரியம்மா ஓவியக் காட்சிக்கூடத்தில் காவல் வேலை பார்க்கிறாள். மூன்றாவது மாடி, கடைசி அறை. அந்த அறையில் இருக்கிற படம் எல்லாமே சாவைப் பற்றியது. எலும்புக்கூட்டோடு கைகோத்து ஆடும் ராஜாக்கள், புத்தகத்தின் மேல் மண்டையோடு, அணைந்த மெழுகுவர்த்தி, அழுக ஆரம்பித்த பழம். ஒரு காலத்துப் பணக்காரர்கள், 'நீயும் ஒருநாள் போய்ச் சேருவாய்' என்று ஞாபகப்படுத்தும் படங்களைச் சொல்லி வரையவைத்து வரவேற்பறையில் மாட்டிக்கொள்வார்களாம். சொந்தக்காரர்கள் இதே வேலையை இலவசமாகச் செய்வார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, பாவம்.

இருபத்திரண்டு வருஷமாகப் பெரியம்மாவின் நாற்காலிக்கு நேர் எதிரே இருப்பது 'புதுப்பெண்'. இரண்டடி உயரப் படம். வெள்ளை உடுப்பு, லேசாகச் சாய்ந்த தலை, கையில் ஒரு பூ. கல்யாணத்துக்கு முந்தின வாரம் காய்ச்சலில் செத்துப்போன பெண்ணை, அவளுடைய அப்பா ஓவியரைக் கூப்பிட்டு உட்கார்ந்திருப்பவளைப் போல் வரையச் சொன்னார். மூடியிருந்த கண்களை ஓவியர் திறந்தபடி வரைந்துவிட்டார். அதனாலோ என்னவோ, அவள் பார்வை நம்மைத் தாண்டி எங்கோ போகும்.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் அந்தப் படத்தின் சட்டத்தில் விரிசல் விட்டுக் கழற்றிக் கொண்டுபோனார்கள். போன திங்கட்கிழமை திரும்பவும் மாட்டினார்கள். அன்றைக்குப் பத்தேகாலுக்குப் பெரியம்மா எழுத்தில் ஒரு புகார் கொடுத்தாள். ஒரே வரி. 'படத்தில் இருந்த ஈயைக் காணவில்லை.'

வெள்ளிக்கிழமைக்குள் பதில் வந்துவிட்டது. மனநலம் கருதி அவளை வேலையிலிருந்து விடுவிக்க விசாரணைக் கமிட்டி. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

நான் வேலை பார்ப்பது ஒரு துப்பறிவாளரிடம். ஆள் ஒல்லி என்பதால் ஊரே அவரைத் துரும்பு என்று கூப்பிடும். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று பெருந்தன்மையாக எடுத்துக்கொள்வார். புகாரின் நகலைப் படித்தவர், "ஒரு வரிதான். ஆனா அதுல ஒரு வார்த்தைகூட அதிகம் இல்ல. பைத்தியம் இப்படி எழுதாது, கிளம்பு" என்றார்.

"சார், காணாமப்போனது ஈ. கிடைச்சா எப்படி அடையாளம் காட்டறது?"

"உன் வாய்ல போறதுக்குள்ள பிடிச்சுடலாம், வா."

இயக்குநரின் அறையில் தரைவிரிப்பு, தேக்கு மேஜை, கண்ணாடி அலமாரி என்று எல்லாம் இருந்தன. அலமாரிக்குப் பக்கத்தில் துணி போர்த்திய ஏதோ ஒன்று சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இயக்குநர் பேச்சில் வெண்ணெய் வழிந்தது.

"அந்தம்மா மேல எனக்கு ரொம்ப மரியாதைங்க. இருபத்திரெண்டு வருஷம் மண்டையோட்டுக்கு நடுவுல உக்காந்தா யாருக்குத்தான் ஒரு மாதிரி ஆகாது? நிம்மதியா வீட்டுல இருக்கட்டும்."

"நல்ல எண்ணம்" என்றார் துரும்பு. "அதைப் புத்தி சரியில்லன்னு எழுதாம காட்ட முடியாதா?"

இயக்குநர் சிரித்தபடி ஒரு தடிமனான விவரப் புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பினார். "பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோ. நீங்களே பாருங்க. எங்க இருக்கு ஈ?"

பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். வெள்ளை உடுப்பில் ஒரு புள்ளிகூட இல்லை. என்னைத் தூக்கி வளர்த்தவள் என் பெரியம்மா. அந்த ஒரு நிமிஷம் எனக்கே அவள் மேல் சந்தேகம் வந்தது. வந்ததற்காக வெட்கப்பட்டேன்.

"இன்னொண்ணு" என்று இயக்குநர் தன் சொந்தப் புத்தகத்தையும் எடுத்து வைத்தார். 'சாவுக்கு முகம் வரைந்தவர்கள்', நானூறு பக்கம். "இதுல முப்பத்தோரு பக்கம் அவளைப் பத்தி மட்டும். பத்தொம்பது வருஷமா வாரம் ரெண்டு தடவை அவ எதிர்ல போய் நின்னு எழுதினது. ஈன்னு ஒண்ணு இருந்திருந்தா நான் எழுதாம விட்டிருப்பேனா?"

"விட மாட்டீங்க" என்று துரும்பு ஒப்புக்கொண்டார். அவர் பார்வை தரைவிரிப்பில் இருந்தது. "மேஜையை இடம் மாத்தியிருக்கீங்க போல. நாலு கால் தடமும் அங்க அப்படியே இருக்கே."

"வெளிச்சத்துக்காக."

ஜன்னல் இப்போது அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் குனிந்து எழுதினால் அவருடைய நிழலே காகிதத்தில் விழுந்தது. படித்தவர்கள் வெளிச்சத்தை இப்படித்தான் தேடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பெரியம்மாவைக் கீழே துடைப்பமும் வாளியும் வைக்கிற அறையில் உட்கார வைத்திருந்தார்கள். சீருடையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"சாப்டியா பெரியம்மா?"

"பைத்தியத்துக்குப் பசிக்குமாடி?" என்றாள். துரும்பைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள். "வாங்க சார். கேக்கறதை நேராக் கேளுங்க."

"ஈ எங்க இருந்துச்சு?"

"எடது மணிக்கட்டுக்கு மேல, சட்டைக்கை ஓரத்துல."

"நிஜ ஈ இல்லையே?"

"நிஜ ஈ இருபத்திரெண்டு வருஷம் ஒரே எடத்துல உக்காருமா சார்? அது பறந்து வந்த ஈ இல்ல. வரைஞ்ச ஈ. அப்படி ஒரு கை. வேலைக்குச் சேந்த மொத வாரம் நானே அரை நாள் விரட்டியிருக்கேன். மொதத் தடவை கிட்டப்போய்ப் பாக்கற ஒவ்வொருத்தரும் கையை ஆட்டுவாங்க. அப்புறம் வெக்கப்பட்டு என்னைத் திரும்பிப் பாப்பாங்க. அந்த ரூம்ல எனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அதான்."

சும்மா இருக்கிறவனை ஈ ஓட்டுகிறான் என்பார்கள். என் பெரியம்மா, பிறர் ஈ ஓட்டுவதைப் பார்த்துச் சம்பளம் வாங்கியிருக்கிறாள்.

"இயக்குநர் விரட்டினதைப் பாத்திருக்கீங்களா?" என்று துரும்பு கேட்டார்.

பெரியம்மா யோசித்தாள். "அவரு வாசல் வரைக்கும் வருவாரு. வந்தவங்களை உள்ள அனுப்பிட்டு அங்கயே நின்னு பேசுவாரு. பெரிய மனுஷங்க, கூட்டத்துல இடிபட மாட்டாங்கன்னு நெனச்சுப்பேன்." பிறகு, "சார், எனக்கு வேலைகூடப் பெரிசில்ல. புத்தி கெட்டவன்னு பேரு வாங்கிட்டு இந்த வாசலைத் தாண்ட மாட்டேன்" என்றாள். அவள் குரல் உடைந்ததை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன்.

அடித்தளத்தில் படங்களைப் பழுது பார்க்கும் பட்டறை. அங்கே இருந்தவரைப் பஞ்சு என்று கூப்பிட்டார்கள். காரணம் உடனே தெரிந்தது. குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, வாயில் வைத்து நனைத்து, முந்நூறு வருஷத்து மண்டையோடு ஒன்றின் பல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எச்சிலா?" என்றேன்.

"அதைவிட நல்ல மருந்து கிடையாதும்மா. அழுக்கு போகும், வர்ணம் போகாது. இந்தக் கட்டடத்துல எல்லாப் படமும் நான் எச்சில் பண்ணினதுதான்."

டீ தருகிறேன் என்றார். நாங்கள் இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.

"புதுப்பெண் படத்துல ஈ இருந்துச்சா?" என்று துரும்பு கேட்டார்.

"என்னங்க கேள்வி இது? அந்த ஈ மேல மட்டும் ரெண்டு மணி நேரம் வேலை செஞ்சிருக்கேன். உயிர் போனவங்களை வரையும்போது சில ஓவியருங்க ஒரு ஈயைச் சேத்துடுவாங்க. பாக்கறவங்க புரிஞ்சுக்கணும்னு. அதுதான் அந்தப் படத்தோட கையெழுத்தே."

"இப்ப இல்லங்கறாங்களே. போய்ப் பாக்கலையா?"

"எழுத்து மூலமா கூப்பிட்டாத்தான் மாடிக்குப் போகலாம். அதான் விதி. சட்டம் ஒட்டி முடிச்சதும் நேரா இயக்குநர் ரூமுக்குக் கொடுத்துவிட்டேன். ஏதோ ஆராய்ச்சின்னு பத்து நாள் வச்சிருந்தார். அப்புறம் மாட்டிட்டாங்க. என்னை யாரும் கூப்பிடல."

ஒரு விஷயம் புரிந்தது. மாட்டியிருப்பது போலி. ஆனால் போலியில் ஈ இல்லாதது சரி, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின போட்டோவிலும் ஏன் இல்லை? பெரியம்மாவும் பஞ்சும் சேர்ந்து ஒரே ஈயைக் கனவு கண்டார்களா? கமிட்டி அந்தப் போட்டோவைத்தான் நம்பும். துரும்பு, பஞ்சின் மேஜையிலிருந்த விவரப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த போட்டோகிராபரின் விலாசத்தைக் கிழித்துக்கொள்ளாமல், புத்தகத்தையே இரவல் வாங்கிக்கொண்டார். அந்த அளவுக்கு நாங்கள் நாகரிகமானவர்கள்.

ஸ்டுடியோ மூன்று தெரு தள்ளி. பாஸ்போர்ட் போட்டோ, கல்யாணப் போட்டோ, குழந்தைப் போட்டோ. போட்டோகிராபர் ஒரு மணமகனின் கன்னத்துப் பருக்களைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். மனுஷன் அதில் ஒரு தியானத்தில் இருந்தார்.

துரும்பு விவரப் புத்தகத்தைக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்தது. "என் வேலைதான் சார். ஒரே நாள்ல எண்பது படம் எடுத்தேன்."

"இந்தப் பொண்ணு ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? சனியன் பிடிச்ச ஈ ஒண்ணு வந்து கையில உக்காந்துடுச்சு. நிழல்கூட விழுந்துச்சு சார். ஊதினேன், கர்ச்சீப் எடுத்து வீசினேன், அசையல. அதுக்குள்ள அடுத்த படத்துக்குக் கூப்பிட்டுட்டாங்க. சரி போன்னு அப்படியே எடுத்துட்டு வந்து, நானே அழிச்சுட்டேன்." பெருமையோடு நிமிர்ந்தார். "அதுக்குத் தனியாக் கேக்கக்கூட இல்ல. நம்ம வேலைல ஒரு சுத்தம் வேணும்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஒரு மகா கலைஞன் உயிரைக் கொடுத்து வரைந்த ஈயை, இன்னொரு கலைஞன் பரு மாதிரி கிள்ளி எடுத்துவிட்டான்.

"அழிக்காத மூலம் இருக்கா?" என்று துரும்பு கேட்டார்.

"நான் எதையும் தூக்கிப் போடறதில்ல சார்" என்றவர், கால் மணி நேரம் தேடி ஒரு படத்தை எடுத்தார். வெள்ளைக் கை ஓரத்தில் ஈ உட்கார்ந்திருந்தது. என் கை தன்னால் திரையை நோக்கிப் போனது.

தெருவுக்கு வந்ததும் துரும்பு நடையை நிறுத்தினார். "போலியை வரைஞ்சவன் விவரப் புத்தகத்தைப் பாத்து வரைஞ்சிருக்கான். அவனுக்கு அசல் தெரியாது, அது சரி. வரையச் சொன்னவனும் வாங்கிப் பாத்துட்டு, 'பிரமாதம், அச்சு அசல்'னு மாட்டியிருக்கான் பாரு. அவனுக்கும் அசல் தெரியாது."

"அசல் அவங்க கட்டடத்துலயேதானே சார் இருந்துச்சு?"

"அதான் வேடிக்கை. உன் மை பென்சிலைக் கொடு."

மூன்றரைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனோம். கறுப்புக் காகிதத்தில் துரும்பு வெட்டிய ஈக்கு நான் மை பென்சிலால் கால் வரைந்தேன். துளி பசை வைத்து அதை மணிக்கட்டுக்கு மேல் ஒட்டினார்.

"சார், ஒருவேளை இது அசலா இருந்துட்டா?"

"அப்படின்னா உன் பெரியம்மா பக்கத்துல எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லு."

நான்கு மணிக்குக் கமிட்டி வந்தது. கமிட்டி என்றால் ஒரு டாக்டரம்மா, கையில் ஒரு காகிதம். படத்தை நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று துரும்பு முன்கூட்டியே போனில் அவரிடம் சொல்லியிருந்தார். பஞ்சை எழுத்து மூலமாக வரவழைத்ததும் அந்த டாக்டரம்மாதான். பின்னால் பெரியம்மா. எல்லோருக்கும் கடைசியாக வந்த இயக்குநர் வாசற்படியில் நின்றுவிட்டார்.

"உள்ள வாங்களேன்" என்றார் துரும்பு.

"இங்கேருந்தே நல்லாத் தெரியுது" என்ற இயக்குநர், கண்ணாடியைச் சரி செய்தார். முகம் சுளித்தது. "பாருங்க டாக்டர், இதுதான் இந்தம்மா வேலை பாக்கற லட்சணம். இவ்வளவு பெரிய பொக்கிஷம், மேல ஈ உக்காந்திருக்கு. யாராவது அதை விரட்டுங்கப்பா."

யாரும் அசையவில்லை. பெரியம்மா மெதுவாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"சார்" என்றாள். "பத்தொம்பது வருஷம் வாரம் ரெண்டு தடவை வந்தேன்னு எழுதியிருக்கீங்க. அது போகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

பஞ்சு படத்தின் அருகே போய்க் கண்ணை இடுக்கினார். "நான் அனுப்பினது இது இல்ல டாக்டர். இதுல என் எச்சில் படவே இல்ல. இந்த ஈயும் காகிதம்."

துரும்பு ஸ்டுடியோவில் வாங்கிய மூலப் படத்தை டாக்டரம்மாவிடம் கொடுத்து, போட்டோகிராபரின் சுத்தத்தை விளக்கினார். டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

இயக்குநருக்கு வெண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. "அப்படின்னா படம் யார் கைல இருந்துச்சோ அவரைக் கேளுங்க" என்று பஞ்சைக் காட்டினார். "மூணு வாரம் பட்டறைலதான் இருந்துச்சு."

"அவர் மாத்தியிருந்தா மொதல்ல ஈயைத்தான் வரைஞ்சிருப்பார்" என்றார் துரும்பு. "தரை துடைக்கிற பொண்ணுக்குத் தெரியும், டிக்கெட் வாங்கி வந்தவனுக்குத் தெரியும். இந்தக் கட்டடத்துல அவளைப் போட்டோவுல மட்டும் பாத்தவர் ஒருத்தர்தான். வாங்க, உங்க ரூமுக்குப் போகலாம்."

போனோம். அறைக்குள் நுழைந்ததும் துரும்பு தரைவிரிப்பில் இருந்த பழைய தடத்தில் போய் நின்றார்.

"முன்னாடி மேஜை இங்க. நாற்காலிக்குப் பின்னால அந்த அலமாரி. வெளிச்சம் நல்லா இருந்துச்சு. திடீர்னு மேஜையைத் திருப்பி, உங்க நிழல்லயே எழுத ஆரம்பிச்சிருக்கீங்க. பயப்படறவன் தான் பயப்படற பொருளுக்கு முதுகைக் காட்ட மாட்டான். அந்தத் துணிக்குள்ள என்ன சார்?"

"பழைய சட்டம்."

"அப்ப நீங்களே திருப்பிக் காட்டுங்க."

அவர் அலமாரி வரைக்கும் நடந்தார். கையை நீட்டினார். துணியைத் தொடுவதற்குள் கையை இழுத்துக்கொண்டார். நானூறு பக்கம் சாவோடு சரிக்குச் சரி பேசிய மனுஷன், கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"வேண்டாம்" என்றார். "வெள்ளிக்கிழமை அதை விலைக்கு வாங்க ஆள் வர்றாங்க. எல்லாம் எழுதித் தர்றேன். அதைத் திருப்ப மட்டும் சொல்லாதீங்க. அவ கண்ணு... நான் வேலைக்குச் சேந்த அன்னைக்கு வாசல்லேருந்து ஒரு தடவை பாத்தேன். போதும்."

எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. பயப்படுவது குற்றமில்லை; நானும் பல்லிக்குப் பயப்படுகிறவள்தான். தன் திருட்டையும் பயத்தையும் மறைக்க என் பெரியம்மாவின் புத்தியை விலை பேசினாரே, அதை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.

பெரியம்மா அவரைத் தாண்டிப் போனாள். துணியை விலக்கி, படத்தை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பி, அலமாரியில் சாய்த்து வைத்தாள். முந்தானையால் சட்டத்தின் ஓரத்தைத் துடைத்தாள்.

"இத்தனை நாளா செவுத்தைப் பாத்து நிக்க வச்சுட்டாங்களாடி உன்னை" என்றாள். என்னிடம் இல்லை, அந்தப் பெண்ணிடம்.

மணிக்கட்டுக்கு மேல் ஈ இருந்தது, நிழலோடு.

டாக்டரம்மா தன் கையிலிருந்த காகிதத்தைக் குறுக்கே கிழித்தார். பெரியம்மாவின் பழைய புகாரை எடுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார். "இதை முடிச்சு வைக்கணும். என்னன்னு எழுதட்டும், நீங்களே சொல்லுங்க."

பெரியம்மா யோசிக்கவே இல்லை. "'ஈ கிடைத்துவிட்டது'ன்னு எழுதுங்க."

டாக்டரம்மா அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே படத்தைப் பார்க்கக் குனிந்தவர், இடது கையைத் தூக்கி இரண்டு தடவை வீசினார்.

"அது போகாது டாக்டர்" என்றாள் பெரியம்மா. அந்த வாரத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.